எம்ஜிபி தானுந்தின் எரிபொருள் அமைப்பு

எம்ஜிபி தானுந்தின் எரிபொருள் அமைப்பு என்பது, 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் தயாரிக்கப்பட்ட எம்ஜிபி என்னும் ஸ்போர்ட்ஸ் கார் வகைத் தானுந்தில், பெட்ரோலைத் தொட்டியிலிருந்து பொறிக்குக் கொண்டு சேர்க்கும் பாகங்களின் தொகுதி ஆகும். பின்புறம் உள்ள எஃகுத் தொட்டி, மின்னாற்றலால் இயங்கும் எஸ்யூ பம்பு, உலோக மற்றும் ரப்பர் குழாய்கள், இரட்டைக் கார்புரேட்டர்கள் ஆகியவை இதன் முதன்மைப் பாகங்கள். இத்தானுந்தின் உற்பத்தி நின்று பல பத்தாண்டுகள் ஆகியும், ஏறத்தாழ எல்லா எரிபொருள் பாகங்களும் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. எனவே பாகம் கிடைக்காமல் வண்டி நிற்பது அரிது. பழுதைச் சரிவர அறியாமல் பொருந்தாத பாகத்தை வாங்கிப் பொருத்துவதே பெரும்பாலும் நிகழும் தவறாகும்.

எம்ஜிபியின் பொறியில் கார்புரேட்டர்களும் சூடான புகைவெளியேற்றுக் குழாய்த் தொகுதியும் ஒரே பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. மேலே பெட்ரோல் வழிந்தால் கீழே உள்ள சூடான இரும்பின் மீது விழக்கூடும். ஆகவே இவ்வமைப்பின் பராமரிப்பு, வண்டி சீராக ஓடுவது பற்றியது மட்டுமன்று. தீ விபத்தைத் தவிர்ப்பது பற்றியதும் ஆகும்.

பின்னணி

எம்ஜிபி 1962 ஆம் ஆண்டு அறிமுகமானது. மூடிய கூரை கொண்ட ஜிடி வகை 1965 இல் வெளிவந்தது. இரு வகைகளும் சேர்ந்து ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட வண்டிகள் தயாரிக்கப்பட்டன. இவற்றுள் பெரும்பகுதி ஐக்கிய அமெரிக்காவுக்கு ஏற்றுமதியானது. இதில் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேசனின் பி-வரிசையைச் சேர்ந்த, 1798 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள நான்கு உருளைப் பொறி பொருத்தப்பட்டிருந்தது.

எஸ்யூ என்பது ஸ்கின்னர்ஸ் யூனியன் என்பதன் சுருக்கம். ஹெர்பர்ட் ஸ்கின்னர் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கார்புரேட்டரை உருவாக்கினார். இதன் தொடக்க கால வடிவில் பிஸ்டனுக்குப் பதிலாகத் தோலால் ஆன துருத்தி இருந்தது. நிறுவனம் 1910 இல் தொடங்கப்பட்டு, 1926 இல் வில்லியம் மோரிசுக்கு விற்கப்பட்டது. மோரிசின் நிறுவனக் குழுமமே எம்ஜி தானுந்துகளையும் தயாரித்ததால், எஸ்யூ கார்புரேட்டர்களும் பம்புகளும் எம்ஜி வண்டிகளில் வழக்கமாக இடம்பெற்றன.

அமைப்பு

தொட்டி: வண்டியின் பின்புறப் பொருள் அறையின் தரைக்குக் கீழே பொருத்தப்பட்டுள்ளது. தொடக்க கால வண்டிகளில் 10 இம்பீரியல் காலன் (ஏறத்தாழ 45 லிட்டர்) கொள்ளும் தொட்டி இருந்தது. 1965 முதல் இது 12 காலன் (ஏறத்தாழ 54 லிட்டர்) ஆக்கப்பட்டது. தொட்டியின் மேற்பரப்புக்கும் வண்டியின் தரைக்கும் இடையே அழுக்கும் ஈரமும் தங்குவதால், தொட்டி பெரும்பாலும் மேற்புறத்திலேயே துருப்பிடிக்கிறது. கீழிருந்து பார்ப்பவருக்கு இது தெரிவதில்லை.

பம்பு: பின்னச்சுக்கு அருகே வலப்புறம் அமைந்துள்ளது. இது சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 3 பவுண்டு என்ற குறைந்த அழுத்தத்திலேயே பெட்ரோலைத் தள்ளுகிறது.

கார்புரேட்டர்கள்: பொறியின் இடப்புறத்தில் ஒன்றரை அங்குல விட்டமுள்ள இரு எஸ்யூ கார்புரேட்டர்கள் உள்ளன. இவற்றின் வகை ஆண்டுக்கும் நாட்டுக்கும் ஏற்ப மாறுபடும்.

இயங்குமுறை

பம்பினுள் ஒரு மின்சுருளும், அதனால் இழுக்கப்படும் ஒரு டயாபிரமும் உள்ளன. மின்சாரம் பாயும்போது டயாபிரம் இழுக்கப்பட்டு, தொட்டியிலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்படுகிறது. இழுப்பின் முடிவில் தொடுமுனைகள் விலகி மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. பின்னர் ஒரு சுருள்வில் டயாபிரத்தைத் திரும்பத் தள்ளி, பெட்ரோலைக் கார்புரேட்டருக்கு அனுப்புகிறது. கார்புரேட்டரின் மிதவை அறை நிரம்பி அதன் ஊசி வால்வு மூடிக்கொண்டால், சுருள்வில்லால் மேலும் தள்ள இயலாது. பம்பு தானாகவே நின்றுவிடும். ஒவ்வொரு சுழற்சியின்போதும் எழும் 'டிக்' என்னும் ஒலி பழுதறிவதற்கு மிகவும் பயன்படுகிறது.

எஸ்யூ கார்புரேட்டர் மாறா உறிஞ்சழுத்த வகையைச் சேர்ந்தது. த்ராட்டில் திறக்கப்படும்போது, பிஸ்டனுக்கு மேலுள்ள அறையில் அழுத்தம் குறைந்து பிஸ்டன் உயர்கிறது. அதனுடன் இணைந்த, நுனி நோக்கிச் சிறுத்துச் செல்லும் ஊசி ஜெட்டிலிருந்து மேலெழுகிறது. காற்று மிகும்போது பெட்ரோலும் அதே அளவில் மிகுகிறது. பிஸ்டனின் நடுத்தண்டில் ஊற்றப்படும் எண்ணெய், த்ராட்டிலைத் திடீரென்று திறக்கும்போது பிஸ்டன் விரைந்து எழாமல் தடுக்கிறது. இதனால் அக்கணத்தில் கலவை சற்றுச் செறிவாகி, வண்டி தயங்காமல் வேகமெடுக்கிறது. இதற்கு எஸ்ஏஈ 20 தரப் பொறி எண்ணெய் பரிந்துரைக்கப்படுகிறது.

வகை வேறுபாடுகள்

பாகம் வாங்கும் முன் வண்டியில் எவ்வகை பொருத்தப்பட்டுள்ளது என அறிவது இன்றியமையாதது.

- எச்எஸ்4: 1962 முதல் 1971 வரை பயன்பட்டது. மிதவை அறை கார்புரேட்டரின் பக்கவாட்டில் தனியாக இருக்கும். ஒரு நைலான் குழாய் அதை ஜெட்டுடன் இணைக்கும்.
- எச்ஐஎஃப்4: 1972 ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து பயன்பட்டது. மிதவை அறை கார்புரேட்டரின் அடியிலேயே அமைந்திருக்கும். வெப்பத்துக்கு ஏற்பக் கலவையைச் சரிசெய்யும் ஈருலோகத் தகடு இதில் உண்டு.
- செனித்-ஸ்ட்ரோம்பெர்க் 175சிடி: 1975 ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து வட அமெரிக்க வண்டிகளில் ஒற்றைக் கார்புரேட்டராகப் பொருத்தப்பட்டது. இதில் பிஸ்டனைத் தூக்க ரப்பர் டயாபிரம் பயன்படுகிறது. அது கிழிந்தால் பொறி ஆற்றலை இழக்கும்.

ஆறு உருளைப் பொறி கொண்ட எம்ஜிசி (1967-1969) எச்எஸ்6 வகையையும், எட்டு உருளைப் பொறி கொண்ட எம்ஜிபி ஜிடி வி8 (1973-1976) எச்ஐஎஃப்6 வகையையும் பயன்படுத்தின. தோற்றத்தில் ஒத்திருந்தாலும் இவற்றின் பாகங்கள் அளவில் பெரியவை.

மற்றொரு வேறுபாடு மின்னிணைப்பில் உள்ளது. 1967 இன் இறுதி வரையிலான வண்டிகளில் பேட்டரியின் நேர்முனை எர்த் செய்யப்பட்டிருந்தது. அதன் பின்னர் எதிர்முனை எர்த் செய்யப்பட்டது. தொடுமுனைகளுக்கு மாற்றாக மின்னணுச் சுற்று கொண்ட புதிய பம்புகளை வாங்குவோர், தம் வண்டிக்கு உரிய முனையைக் குறிப்பிட்டே வாங்க வேண்டும். பழைய வண்டிகள் பலவற்றில் பின்னாளில் முனை மாற்றப்பட்டிருப்பதால், ஆண்டை மட்டும் பார்க்காமல் பேட்டரியையே பார்த்து உறுதிசெய்தல் நலம்.

பழுதறிதல்

முதற்படி: மின்பொறி அமைப்பு

கார்புரேட்டரின் மீது சுமத்தப்படும் குறைகள் பலவும் உண்மையில் மின்பொறி அமைப்பைச் சார்ந்தவை. டிஸ்ட்ரிபியூட்டர் தொடுமுனை இடைவெளி (ஏறத்தாழ 0.38 மி.மீ), ஸ்பார்க் பிளக் இடைவெளி (ஏறத்தாழ 0.64 மி.மீ), பற்றவைப்பு நேரம், பொறி வால்வு இடைவெளி ஆகியவற்றைச் சரிபார்த்த பின்னரே கார்புரேட்டரின் திருகுகளைத் தொட வேண்டும். இவ்வரிசை மாறினால், ஒரு பழுதை மறைக்க மற்றொரு பழுதை உண்டாக்கியதாக முடியும்.

இரண்டாம் படி: பம்பின் ஒலி

பொறியை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பிப் பம்பின் ஒலியைக் கேட்க வேண்டும்.

- சில முறை ஒலித்து நின்றுவிட்டால் பம்பும் மிதவை வால்வுகளும் நல்ல நிலையில் உள்ளன.
- நிற்காமல் விரைவாக ஒலித்தால் தொட்டி காலியாக இருக்கலாம், அல்லது தொட்டிக்கும் பம்புக்கும் இடையே காற்றுக் கசிவு இருக்கலாம். உறிஞ்சு பக்கக் கசிவில் பெட்ரோல் வெளியே சொட்டாமலும் இருக்கலாம் என்பதால் இதைக் கண்டறிவது கடினம்.
- மெதுவாகத் தொடர்ந்து ஒலித்தால் எங்கோ பெட்ரோல் வெளியேறுகிறது. கார்புரேட்டர் வழிகிறதா, குழாய் கசிகிறதா என உடனே பார்க்க வேண்டும். வெளியே கசிவு ஏதும் இல்லையெனில் பம்பின் உள்வால்வு சரியாக மூடவில்லை எனக் கொள்ளலாம்.
- ஒலியே இல்லையெனில் மின்சாரம் வரவில்லை, அல்லது தொடுமுனைகள் கரிந்துள்ளன. பம்பை மெல்லத் தட்டியதும் இயங்கத் தொடங்கினால் குறை தொடுமுனைகளில் உள்ளது.

பம்பு இயங்கவில்லை என்பதாலேயே புதிய பம்பு வாங்குதல் கூடாது. சாவியிலிருந்து பம்பு வரை செல்லும் வெள்ளை நிறக் கம்பியில் பல இணைப்பிகள் உள்ளன. அவை துருப்பிடித்தால் மின்னழுத்தம் குறையும். பம்பு இயங்க முயலும் நிலையில் அதன் முனையில் அளக்கப்படும் மின்னழுத்தம், பேட்டரியின் மின்னழுத்தத்தை விட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்திருந்தால் கம்பியையும், கருப்பு நிற எர்த் கம்பியையும் முதலில் சீர்செய்ய வேண்டும்.

மூன்றாம் படி: பெட்ரோலின் அளவு

கார்புரேட்டருக்குச் செல்லும் குழாயைக் கழற்றி, ஒரு மூடத்தக்க உலோகக் கலனில் விட்டுப் பம்பை இயக்கினால், ஒரு நிமிடத்தில் குறைந்தது அரை லிட்டர் பெட்ரோல் வர வேண்டும். இச்சோதனை திறந்த வெளியில், பொறி குளிர்ந்த நிலையில் செய்யப்பட வேண்டும்.

அளவு குறைந்தால் தொட்டியின் மூடியைத் திறந்துவிட்டு மீண்டும் அளக்க வேண்டும். அப்போது அளவு கூடினால் தொட்டிக்குள் காற்று நுழையும் வழி அடைபட்டுள்ளது எனப் பொருள். பெட்ரோல் ஆவியைக் கரிக்கலனில் சேமிக்கும் வட அமெரிக்க வண்டிகளின் தொட்டி மூடியில் காற்றுத் துளை இராது, மற்றவற்றில் இருக்கும். தவறான மூடியைப் பொருத்தினாலும் இக்குறை தோன்றும்.

நெடுஞ்சாலையில் சில கிலோமீட்டர் ஓடியபின் வண்டி நின்று, சிறிது நேரம் கழித்து மீண்டும் கிளம்புவது மற்றொரு அறிகுறி. தொட்டிக்குள் உதிர்ந்த துரு, உறிஞ்சு குழாயின் வலையை அடைப்பதால் இது நேரலாம். பம்பு நின்றதும் துரு கீழே படிந்துவிடுவதால் வழி மீண்டும் திறக்கிறது. இந்நிலையில் பம்பை மாற்றுவதால் பயனில்லை. தொட்டியைக் கழுவவோ மாற்றவோ வேண்டும்.

நான்காம் படி: கார்புரேட்டர்

காற்று வடிகட்டியை அகற்றி, பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் அது 'டக்' என்ற ஒலியுடன் விழ வேண்டும். சிக்கினால் பிஸ்டனையும் அறையையும் பெட்ரோலால் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். பிஸ்டனும் அதன் அறையும் இணையாகப் பொருத்தி உருவாக்கப்பட்டவை. இரு கார்புரேட்டர்களையும் ஒரே வேளையில் பிரிப்போர் அவற்றை மாற்றிப் பொருத்திவிடக் கூடாது.

கலவையின் செறிவை அறிய, பொறி சூடாகி ஐடிலிங் நிலையில் ஓடும்போது, பிஸ்டனை ஏறத்தாழ 0.8 மி.மீ மட்டும் தூக்க வேண்டும்.

- பொறியின் வேகம் கூடி அப்படியே நீடித்தால் கலவை செறிவு மிகுந்தது.
- வேகம் உடனே குறைந்தால் கலவை செறிவு குன்றியது.
- சற்றுக் கூடி மீண்டும் பழைய நிலைக்கு வந்தால் கலவை சரியானது.

எச்எஸ்4 வகையில் ஜெட்டின் அடியில் உள்ள ஆறுபட்டை மறையைக் கீழ்நோக்கித் திருகினால் செறிவு கூடும். எச்ஐஎஃப்4 வகையில் பக்கவாட்டுத் திருகை வலஞ்சுழியாகத் திருகினால் செறிவு கூடும். இரு வகையிலும் ஜெட்டை மேல்விளிம்புடன் சமமாக வைத்து, இரண்டு முழுச் சுற்று இறக்குவது தொடக்க நிலை.

மேற்கண்ட சோதனையில் எந்நிலையிலும் ஐடிலிங் சீராகவில்லை எனில், த்ராட்டில் தண்டு தேய்ந்திருக்கக் கூடும். தண்டை மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரியும். அவ்வழியே நுழையும் கூடுதல் காற்றை எந்தத் திருகாலும் ஈடுசெய்ய இயலாது.

பெட்ரோல் வழிதலுக்கு நான்கு காரணங்கள் உண்டு. மிதவை வால்வில் அழுக்கு சிக்கியிருத்தல், வால்வின் முனை தேய்தல், மிதவையில் ஓட்டை விழுந்து அது மூழ்குதல், பம்பின் அழுத்தம் மிகுதியாக இருத்தல் ஆகியன அவை. எச்எஸ்4 வகையில் நைலான் குழாய் சேருமிடத்திலும் கசிவு ஏற்படும்.

உதிரிப்பாகங்கள்

அடையாளம் காணல்

கார்புரேட்டரின் மூடித் திருகுகளுள் ஒன்றின் கீழ் ஒரு சிறிய உலோக அட்டை செருகப்பட்டிருக்கும். அதில் ஏயுடி என்ற எழுத்துகளுடன் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வெண்ணே அக்கார்புரேட்டருக்குரிய ஊசி, ஜெட், சுருள்வில் ஆகியவற்றைக் குறிக்கும் அடையாளம். பழுதுபார்ப்பவர் பலர் இதைத் தொலைத்துவிடுகின்றனர். அட்டை இல்லையெனில் கார்புரேட்டரின் வடிவத்தைக் கொண்டு வகையை அறியலாம். ஊசியின் மேற்பகுதியில் பொறித்துள்ள குறியீட்டையும் படித்துக்கொள்ள வேண்டும். ஏ எழுத்தில் தொடங்கும் மூன்றெழுத்துக் குறியீடு, சுருள்வில்லால் ஒருபக்கம் சாய்த்து வைக்கப்படும் ஊசியைக் குறிக்கும். நிலையான ஊசியை அதற்கு மாற்றாகப் பொருத்த இயலாது.

எச்எஸ்4 இணையில் முன், பின் கார்புரேட்டர்களின் ஜெட்டுகள் ஒன்றுபோல் இரா. எனவே ஒரே வகை ஜெட்டை இரண்டாக வாங்குதல் தவறு.

கிடைக்குமிடங்கள்

இங்கிலாந்தின் சால்சுபரி நகரில் உள்ள பர்லன் நிறுவனம் எஸ்யூ, செனித் கார்புரேட்டர்களையும் எஸ்யூ பம்புகளையும் அவற்றின் பாகங்களையும் தயாரிக்கிறது. தொட்டி, குழாய், மூடி போன்றவற்றைப் பழைய பிரித்தானிய வண்டிகளுக்கான வணிக நிறுவனங்கள் விற்கின்றன. அவற்றுள் 1948 இல் ஐக்கிய அமெரிக்காவில் தொடங்கப்பட்ட மாஸ் மோட்டார்ஸ் குறிப்பிடத்தக்கது. 1930 இல் தொடங்கப்பட்ட எம்ஜி கார் கிளப் போன்ற உரிமையாளர் சங்கங்களின் உறுப்பினர்களிடமிருந்து அறிவுரை பெறலாம்.

எதைப் புதிதாக வாங்குவது

- கார்புரேட்டரின் உடற்பகுதி, மிதவை அறை, இணைப்புக் கம்பிகள் ஆகியவற்றைப் பழையனவாக வாங்கலாம்.
- டயாபிரம், கேஸ்கட், ரப்பர் குழாய், மிதவை வால்வு ஆகியவற்றைப் புதிதாகவே வாங்க வேண்டும். பல்லாண்டுகள் கிடங்கில் கிடந்த மூல உறையிட்ட ரப்பர் பாகம் பயன்படுத்தப்படாததே ஆயினும், காலத்தால் இறுகியிருக்கும்.
- பழுதுநீக்கத் தொகுப்புகள் கேஸ்கட், வால்வு போன்றவற்றை மட்டுமே கொண்டவை. த்ராட்டில் தண்டு அமரும் துளை தேய்ந்திருந்தால் துளையைக் கடைந்து புதிய புஷ் பொருத்த வேண்டும். இது பட்டறையில் செய்யப்பட வேண்டிய பணி.
- உள்ளீடற்ற மிதவைகளுக்கு மாற்றாக, ஓட்டை விழுந்தாலும் மூழ்காத திண்ம மிதவைகள் இப்போது கிடைக்கின்றன.

எஸ்யூ பம்புக்கு மாற்றாக வேறு மின்பம்புகளைப் பொருத்துவோரும் உளர். அவற்றின் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 3 பவுண்டுக்கு மிகாமல் இருக்க வேண்டும். மிகுந்தால் மிதவை வால்வு திறந்துகொண்டு பெட்ரோல் வழியும். எரிபொருள் உட்செலுத்தும் தற்கால வண்டிகளின் பம்புகள் இதைப்போல் பல மடங்கு அழுத்தம் தருவன. அவற்றை எக்காரணம் கொண்டும் பொருத்தக் கூடாது.

எத்தனால் கலந்த பெட்ரோல்

எம்ஜிபி வடிவமைக்கப்பட்ட காலத்தில் எத்தனால் கலந்த பெட்ரோல் கருத்தில் கொள்ளப்படவில்லை. எத்தனால் பழைய ரப்பரை மென்மையாக்கி வெடிக்கச் செய்கிறது. அது ஈரத்தை ஈர்ப்பதால் தொட்டியின் துருவும் விரைவுபடுகிறது. எத்தனாலில் ஆக்சிசன் இருப்பதால் கலவையின் செறிவும் சற்றுக் குறைகிறது.

பெரிய பிரித்தானியாவில் 10 விழுக்காடு வரை எத்தனால் கொண்ட இ10 பெட்ரோல் 2021 செப்டம்பரில் வழக்கமான தரமாக்கப்பட்டது. பழைமை வாய்ந்த வண்டிகளுக்கு 5 விழுக்காட்டுக்கு மிகாத இ5 வகையே அங்கு பரிந்துரைக்கப்படுகிறது. எஸ்ஏஈ ஜே30 ஆர்9 தரக் குறியீடு கொண்ட ரப்பர் குழாய்கள் எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்குவன. குழாய் வாங்கும்போது அதன் மேல் இக்குறியீடு அச்சிடப்பட்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவைப்போர் தொட்டியில் பழைய பெட்ரோலை விட்டுவைக்காதிருத்தல் நன்று.

பாதுகாப்பு

- எச்எஸ்4 மிதவை அறைகளில் உள்ள வழிவுக் குழாய்கள், பெட்ரோலைப் புகைவெளியேற்றுக் குழாயிலிருந்து விலக்கிக் கீழே கொண்டு செல்வதற்காக அமைந்தவை. பல வண்டிகளில் இவை காணாமற் போயுள்ளன. இவற்றை மீண்டும் பொருத்துதல் இன்றியமையாதது.
- கார்புரேட்டர்களுக்கும் வெளியேற்றுத் தொகுதிக்கும் இடையே உள்ள வெப்பத்தடுப்புத் தகட்டை அகற்றக் கூடாது.
- பேட்டரி இருக்கைகளுக்குப் பின்னே, பம்புக்கு அருகில் உள்ளது. பம்பில் வேலை செய்யும் முன் பேட்டரி இணைப்பைத் துண்டிக்க வேண்டும்.
- பெட்ரோல் வாடை வந்தால் காரணம் தெரியும் வரை வண்டியை இயக்கக் கூடாது.

இந்தியத் தொடர்பு

இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் தயாரித்த அம்பாசடர் தானுந்தில் நெடுங்காலம் பயன்பட்ட 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் பொறியும் இதே பி-வரிசையைச் சேர்ந்தது. அம்பாசடர்கள் பலவற்றில் எஸ்யூ கார்புரேட்டரும் இருந்தது. அம்பாசடர் உற்பத்தி 2014 இல் நின்றுவிட்டாலும், அதைப் பழுதுபார்த்துப் பழகிய மெக்கானிக்குகளுக்குப் பிஸ்டனைத் தூக்கிக் கலவையை அறியும் முறை புதிதன்று. ஆயினும் அம்பாசடரின் கார்புரேட்டர் ஒற்றையானது. அதன் ஊசியும் வேறு. எனவே அப்பாகங்களை எம்ஜிபியில் மாற்றிப் பொருத்துதல் கூடாது.